சதீசனின் எடை

சதீசன் பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. தாதி அவனைத் துணியோடு தூக்கித் தராசில் வைத்துவிட்டு, "துணியக் கழிச்சா இன்னும் கொறையும்" என்றாளாம். தாய் சீதேவி இதைச் சொல்லாமல் எந்த விருந்தாளியையும் அனுப்பியதில்லை. மகன் நாடறிந்த சண்டைக்காரனான பிறகு இன்னும் கூடுதலாகச் சொன்னாள்.

அண்ணன் கனகசிங்கத்துக்கு அப்போது ஒன்பது வயது. இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தம்பிக்கு ஆறு வயதானபோது, வயல் வட்டையில் காவலுக்குப் போன தகப்பனை யானை அடித்துவிட்டது. கனகசிங்கம் பள்ளிக்கூடத்தை விட்டு, வெல்லாவெளிச் சந்தியில் இருந்த நெல் வாங்கும் கடைக்கு மூடை தூக்கப் போனான். முப்பது வயதில் அந்தக் கடை அவன் கைக்கு வந்தது. நாற்பதிலும் நெல்லை அவனே நிறுத்தான். வேறு யாரையும் தராசில் கைவைக்க விடுவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மல்யுத்தம் ஒரு சுற்றறிக்கையாக வந்தது. மாகாணப் போட்டியில் மல்யுத்தமும் உண்டு, ஆட்களை அனுப்பவும் என்று எழுதியிருந்தது. விளையாட்டு ஆசிரியர் வினாயகமூர்த்தி கரப்பந்தாட்டக்காரர். மெத்தை கிடையாது. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்த படங்களைக் காட்டி, "இவன் இப்பிடிப் பிடிக்கிறான், அவன் இப்பிடி விழுறான். இடையில என்ன நடந்ததெண்டு நீங்களே பாருங்க" என்றார். உடம்பெல்லாம் சுணை பிடித்துப் பையன்கள் சொறிந்துகொண்டே புரண்டார்கள். மாகாணப் போட்டியில் சதீசனின் எடைப் பிரிவில் இரண்டே பேர். மற்றவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். சதீசன் ஒருவரையும் தொடாமல் முதலாமிடம் பெற்றுத் திரும்பினான்.

கொழும்பில் நடந்த தேசியப் போட்டியில் முப்பத்தெட்டு வினாடியில் அவன் முதுகு மெத்தையில் பட்டது. ஊர் வந்து சேர்ந்ததும் அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டான்: "மெத்தையில விழுந்தா நோகவே இல்ல அண்ணன். பிறகு ஏன் எனக்கு அழுகை வந்தது?" அடுத்த ஐந்து வருடமும் அவன் விழுந்தும் எழுந்தும் பழகினான். இருபதாவது வயதில் தேசிய விளையாட்டு விழாவில் தங்கம் கிடைத்தது. சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. அதில் அவன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தபால்காரர் உதவினார்.

தங்கத்தை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. கட்டாருக்குப் போனான். ஒரு பெரிய கடைத்தொகுதியில் காவல் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பயிற்சிக் கூடத்துக்குப் போவான். அங்கே பிலிப்பைன்காரர்கள் குத்தினார்கள், கேமரூன்காரர்கள் உதைத்தார்கள். மல்யுத்தம் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. எவ்வளவுதான் குத்தத் தெரிந்தாலும் நிலத்தில் புரட்டிப்போட்டால் எல்லாரும் ஒன்றுதான் என்று, பகலில் சாரதியாக இருந்து இரவில் அங்கே பயிற்சி கொடுத்த ஏறாவூர் இன்ஷாப் அவனுக்குச் சொன்னான். குத்தும் உதையும் பிடியும் கலந்த கூண்டுச் சண்டையில், முதலாவதை ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் வென்றான். இரண்டாவதில் மூக்கு உடைந்தது. மூன்றாவதிலிருந்து அவன் தோற்கவில்லை.

இன்ஷாப் நாடு திரும்பிக் கொழும்பில் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியதும் சதீசனும் வந்துவிட்டான். ஊரில் நிருஷாவைக் கட்டினான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் வீட்டோடு போனான். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. சண்டை நடக்கும் நாளில் கைப்பேசியை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்குப் போய் இருந்துவிடுவாள்.

அறுபத்தாறு கிலோப் பிரிவில் அவன் பட்டம் வென்ற சண்டையை ஊர் கனகசிங்கத்தின் கடையில் கூடிப் பார்த்தது. ஒரு சிறிய திரை, இருபது தலை.

"இதென்னகா, கோழியக் கூட்டுக்குள்ள விட்ட மாதிரி மனிசனக் கூட்டுக்குள்ள விட்டிரிக்கானுகள்" என்றார் இளையதம்பி. கடைக்கு ஆண்டுதோறும் நெல் கொண்டுவரும் வயோதிப விவசாயி அவர்.

இரண்டாம் சுற்றில் சதீசன் எதிராளியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். அந்தப் பிடி வைக்கோலில் பழகியது என்று தெரிந்தவர்கள் கத்தினார்கள். அவன் ஊருக்கு வந்தபோது பட்டப் பட்டியை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். இளையதம்பி அதைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்து, "இதச் சாரத்துக்கு மேல கட்டுறதா, கீழ கட்டுறதாடா?" என்று கேட்டார்.

பட்டத்தைத் தக்கவைக்கும் சண்டை இந்த வருடம் பங்குனியில் வந்தது. அறுவடைக் காலம். கொழும்பில் இருந்தால் கடைத்தெரு மணம் வயிற்றைக் கிள்ளும் என்று, சதீசன் கடைசி மூன்று கிழமையையும் ஊரில் கழிக்க வந்தான். சண்டைக்கு முதல் நாள் நிறுக்கும்போது அறுபத்தாறுக்கு மேல் இருக்கக் கூடாது; எழுபத்துநான்கு கிலோவில் இருந்து இறங்க வேண்டும். ஊரில் அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டால், கடைசி இரண்டு கிலோவைக் கொழும்பில் வியர்வையாக இறக்கிவிடலாம் என்பது இன்ஷாபின் கணக்கு. கட்டாரிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடித் தராசு நிருஷாவின் கைதவறி விழுந்து உடைந்தது.

"அண்ணன்ட தராசு இரிக்கிதானே" என்றான் சதீசன்.

கனகசிங்கத்தின் தராசு நெல் நிறுக்கிறது. கீழே இரும்புப் பலகை, மேலே எண் பொறித்த சட்டம், அதில் நகரும் குண்டு, சட்டத்தின் வால் பக்கத்தில் ஒரு சிறிய திருகு. அந்தத் திருகை மூன்று சுற்றுத் திருப்பினால் பலகையில் எது இருந்தாலும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். வெறும் பலகையில் சட்டம் சாய்ந்துதான் நிற்கும். ஆனால் வெறும் பலகையை யாரும் பார்ப்பதில்லை. முந்தைய முதலாளி காலத்தில் இருந்தே திருகு அப்படித்தான் இருந்தது. கனகசிங்கம் அதைத் தொடவில்லை. தொடாததால் தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவனுக்குள் ஒரு நினைப்பு.

முதல் நாள் காலை சதீசன் வந்தபோது கடை வாசலில் நாலைந்து பேர் மூடைகளோடு நின்றார்கள்.

"ஏறட்டா அண்ணன்?" என்று கேட்டபடியே ஏறிவிட்டான்.

"ஈர நெல்லு கனகு. ரெண்டு நாள் காயவிட்டு நெறு" என்றார் இளையதம்பி.

"பதரும் கெடக்கும். தூத்திப்போட்டுப் பாருங்க" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். கனகசிங்கமும் சிரித்தான். சட்டத்தில் குண்டை நகர்த்தி, "எழுவத்திரெண்டு" என்றான்.

"பாத்தீங்களா, ஊருக்கு வந்ததுமே ரெண்டு கிலோ போயிற்று!" சதீசன் பலகையிலிருந்து குதித்து இறங்கினான்.

திருகைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மூடைக்காரர்கள் நின்றார்கள். நாளைக்கு விடியக் காலை யாரும் வரமுன் திருப்பிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் லொறி அதற்கும் வெள்ளணவே வந்து நின்றது. மூன்றாம் நாள் வேறு யோசனை வந்தது: இப்போது திருப்பினால் தம்பி ஒரே இரவில் இரண்டு கிலோ ஏறியிருப்பான், ஏன் என்று கேட்பான். ஒவ்வொரு நாளும் போகப் போக அந்தத் திருகு இன்னும் இறுகியது போல இருந்தது. காலையில் சதீசனை நிறுப்பதைப் பார்க்கவென்றே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கனகசிங்கம் எண்ணை உரக்கச் சொல்வான். அவர்கள் கைதட்டுவார்கள். எப்படியும் கொழும்பில் சரியான தராசில் ஏறத்தானே போகிறான், அங்கே தெரிந்துவிடும் என்று கனகசிங்கம் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

கடைசி நாள் "அறுவத்தெட்டு" என்றான். சதீசனின் கன்னங்கள் ஒட்டி, விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. வீட்டுக்குப் போய், பஸ்ஸுக்கு முன் நிருஷாவிடம் ஒரு கோப்பைக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். காலை பஸ்ஸில் போனான்.

அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. லொறியில் மூடை ஏறிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"அண்ணன், இஞ்ச எழுவது காட்டுது."

கனகசிங்கத்தின் கை சட்டத்துக் குண்டில் இருந்தது.

"இன்ஷாப் நானா கேக்கிறார், காலையில மெய்யா அறுவத்தெட்டுத்தான் இருந்ததா எண்டு. அப்பிடியெண்டா இந்த ரெண்டும் வெறும் தண்ணி, விடியமுன்ன இறங்கீரும். இல்லாட்டி உடம்பு தாங்காது, விட்டுட்டு வீட்ட போ எண்டுறார். பட்டம் போனாப் போகட்டுமாம். உங்கட தராசு சரிதானே?"

இளையதம்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூடைதான் அப்போது பலகையில் இருந்தது.

"ஓம். சரிதான்" என்றான் கனகசிங்கம்.

"நானும் அதத்தான் சொன்னன். சரி, வைக்கிறன்."

சுடுநீர்த் தொட்டியிலும் பொலித்தீன் உடுப்பிலும் அந்த இரவு போனது. காலையில் அதிகாரிகளின் தராசில் சதீசன் அறுபத்தாறு சரியாக நின்றான். பட்டியைத் தோளில் போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவன் சிரிக்கிறான், உதடு வெடித்திருக்கிறது. பிறகு விடுதிப் படியில் உட்கார்ந்து கால் பிடிக்கிறது என்றான். உடம்பில் உப்பும் தண்ணீரும் குலைந்து இதயம் நின்றுவிட்டதாக வைத்தியர்கள் சொன்னார்கள். பின்னேரம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. சண்டை நடக்காததால் பட்டம் அவனிடமே இருக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் கடிதம் அனுப்பினார்கள்.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது இன்ஷாப் கனகசிங்கத்தைத் தமையன் முறையில் அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "காலையில அறுவத்தெட்டு, பின்னேரம் எழுவது. இடையில என்ன திண்டான் எண்டு நான் கேக்காமப் போயிற்றனே, காக்கா." அது நிருஷாவின் காதில் விழுந்தது. "நான்தான் கஞ்சி குடுத்தன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முற்றம் முழுக்க அதைக் கேட்டது. அன்றிலிருந்து அது கஞ்சியால் வந்த சாவு ஆயிற்று. சண்டைக்குப் போகிறவனுக்குக் கஞ்சி கொடுத்த பெண் என்று கடைகளில் பேசினார்கள். சீதேவி மருமகளோடு பேச்சை நிறுத்தினாள்.

கனகசிங்கம் அழவில்லை. கொள்ளி வைத்தான், எட்டாம் நாள் படைத்தான், கடை திறந்தான், மூடை நிறுத்தான். சாப்பாடு தொண்டையில் இறங்கியது. நித்திரையும் வந்தது. கை மரத்துப்போன பிறகு அது யாருடைய கையோ போல் தொங்குமே, அப்படி நாட்கள் அவனோடு தொங்கிக்கொண்டு வந்தன. நிருஷாவைக் கஞ்சியில் இருந்து விடுவிக்கத் தன் ஒரு வாய்ச்சொல் போதும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தது, அவ்வளவுதான். அந்தத் தெரிதல் அவனை எங்கும் நகர்த்தவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் காலை, படையலுக்குக் காய்கறி வெட்ட ஊர் நிருஷாவின் வீட்டு முற்றத்தில் கூடியது. கனகசிங்கம் ஒரு மூடை அரிசியைத் தோளில் கொண்டுவந்து குசினிக்குள் இறக்கினான். நிருஷா தனியே பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பெண்கள் வட்டமாக இருந்து பூசணி வெட்டினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"அத்தான்" என்றாள். "நீங்க நெறுக்கிற ஆள். ஒரு கோப்பைக் கஞ்சி எவ்வளவு பாரம் இரிக்கும்?"

"கால் கிலோ வரும்."

"கால் கிலோதானா? ரெண்டு கிலோ இரிக்காதா?"

"இரிக்காது."

"பெரிய கோப்பை அத்தான். தழும்பத் தழும்ப ஊத்தினன்." அவள் சுளகைக் கீழே வைத்தாள். "கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து எனக்கு எடுத்தவர். 'அண்ணனிட்டக் கேட்டன், தராசு சரியாம். அப்ப கள்ளி நீதான். கஞ்சிக்குள்ள கல்லு போட்டுத் தந்திரிக்காய்' எண்டு சிரிச்சார். அதுதான் கடைசியாக் கதைச்சது."

கனகசிங்கம் அரிசி மூடையின் மேல் உட்கார்ந்தான். வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

"தராசு சரியில்ல" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ கொறச்சுக் காட்டும். எப்பவும் அப்பிடித்தான். அவன் இஞ்ச இருந்து போகக்குள்ளயே எழுவதுதான். கஞ்சி ஒண்டும் செய்யல்ல."

"போன்ல கேட்டாரே."

"கேட்டவன்."

"சரியெண்டு சொன்னீங்க."

"ஆக்கள் நிண்டாங்க."

அவன் சொன்ன காரணம் அந்தக் குசினிக்குள் கேட்க மிகவும் சிறியதாக இருந்தது. அவனுக்கே அது முதன்முதலாகக் கேட்டது. நிருஷா அழவும் இல்லை, அவனை ஏசவும் இல்லை. சுளகில் இருந்த பருப்பை ஒருமுறை விரலால் அளைந்தாள்.

"இத வெளியில சொல்லுங்க."

"சொல்றன். நாளைக்குச் சடங்கு முடியட்டும். மறுகா..."

"இப்ப சொல்லுங்க அத்தான். ஆக்கள் நிக்கிறாங்க. மாமியும் இரிக்கா."

அவன் எழுந்தான். குசினி நிலையைக் குனிந்து தாண்டி முற்றத்துக்கு வந்தான். ஆண்கள் பந்தல் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். இளையதம்பி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நெல் விலை சொல்லும் அதே குரலில் அவன் சொன்னான்: என் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டும், தம்பியை அதில்தான் நிறுத்தேன், அவன் கேட்டபோதும் சரி என்று பொய் சொன்னேன், நிருஷாவின் கஞ்சியில் ஒன்றுமில்லை.

கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருத்தி மட்டும் இன்னும் இரண்டு துண்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

இளையதம்பிதான் கயிற்றை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"தராசு பிழையெண்டு எல்லாருக்கும் தெரியும் மனே. ரெண்டு கிலோ போனாப் போகட்டும், நீயும் எங்கட புள்ளதானே எண்டு இருந்தம். தம்பிய ஏத்தக்குள்ள அதச் சரிப்பண்ணித்தான் ஏத்தியிரிப்பாய் எண்டு நினைச்சிற்றம்." கயிற்றின் நுனியைப் பிரித்தார். "கேக்கத்தான் வாய் வந்தது. சொந்தத் தம்பிக்குமா செய்வான் எண்டு கேக்காம விட்டன்."

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களும் அதையே நினைத்திருந்தார்கள் என்று கனகசிங்கத்துக்குத் தெரிந்தது. மூன்று கிழமையாகக் காலையில் கைதட்டிய அத்தனை பேரும்.

சீதேவி முற்றத்து மூலையில் வெற்றிலைத் தட்டோடு இருந்தாள். மகனை ஏறிட்டுப் பார்த்தாள். எதுவோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்து நின்றான். அடித்தாலும் நல்லது என்று நினைத்தான். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்து, அவன் நிற்பது ஒரு பந்தல் தடி நிற்பதுபோல அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் குசினிக்குள் நுழைந்தாள்.

யாரோ மறுபடி பூசணியை வெட்டத் தொடங்கினார்கள். அவனைப் போ என்று ஒருவரும் சொல்லாததால் அவன் அங்கேயே நின்றான். கைகள் தொங்கின. உள்ளே இருந்து தாயின் குரல் கேட்டது. முப்பது நாள் பேசாத குரல் கரகரத்திருந்தது.

"காலையில ஏதும் திண்டாயா புள்ள?"

நிருஷா என்ன சொன்னாள் என்பது அவனுக்குக் கேட்கவில்லை.